தரை செய்யாமல் விட்ட வேலை

புனேயிலிருந்து சோலாப்பூர் நெடுஞ்சாலையில் கிழக்கே 30 கிலோமீட்டர் போனால் உருளி காஞ்சன் என்ற ஊர் வரும். 1946இல் காந்தியடிகள் அங்கே தங்கி இயற்கை மருத்துவ ஆசிரமம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அதைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்று அந்த ஊரிலேயே நிலைத்துவிட்டவர் மணிபாய் தேசாய். கீர் மாடுகளை வளர்ப்பதில் ஆரம்பித்த அவருடைய பணி 1967இல் ‘பாயிஃப்’ என்ற அமைப்பாக வளர்ந்தது. ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன், ஜெர்சி காளைகளின் உறைவிந்தை விவசாயியின் வாசலுக்கே எடுத்துப்போய்ச் சினை ஊசி போட்ட அமைப்பு அது. மணிபாய்க்கு 1982இல் மகசேசே விருது கிடைத்தது. இன்று ஜுன்னர், அம்பேகாவ், தவுண்ட், பாராமதி என்று புனே மாவட்டத்தின் எந்த வட்டாரத்துக்குப் போனாலும் தொழுவத்தில் கருப்பும் வெள்ளையுமாகக் கலப்பின மாடுகள் நிற்கின்றன. சில லிட்டர் மட்டுமே கறந்த வீடுகளில் இப்போது கேன் கேனாகப் பால் போகிறது.

பால் பெருகியதோடு சேர்ந்து மாட்டின் வாழ்க்கையும் மாறியது. மேய்ச்சலுக்கு நடந்த மாடு கொட்டகையில் கட்டிப்போடப்பட்டது. மண்ணில் நின்ற மாடு சிமெண்டில் நிற்கிறது. வைக்கோலும் புல்லும் தின்ற வயிறு அடர்தீவனத்துக்குப் பழகியிருக்கிறது. மடிக்கு மருத்துவர் வருகிறார், சினைக்கு ஊசி போடுபவர் வருகிறார், தீவனத்துக்குக் கம்பெனிக்காரர் வருகிறார். அத்தனை எடையையும் தாங்கும் குளம்பைப் பார்க்க மட்டும் பெரும்பாலான ஊர்களில் ஆள் இல்லை.

முன்பு அந்த வேலையைத் தரை செய்தது. தக்காணத்தின் கரும்பாறை நிலத்தில் நாள் முழுதும் நடக்கும் மாட்டின் குளம்பு எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு தேய்ந்தும்விடும். சோலாப்பூர், சாங்லி, சாத்தாரா வறண்ட நிலத்துக் கில்லாரி காளைகளும், அகோலே, இகத்புரி மலைப்பகுதியின் கனமழையில் உழும் டாங்கி மாடுகளும் கருத்து இறுகிய குளம்புக்குப் பேர்போனவை. நடக்கும் நிலத்துக்கு ஏற்ற குளம்பு, குளம்பைத் தேய்க்கும் நிலம் என்று இரண்டும் ஒன்றுக்கொன்று கணக்குத் தீர்த்துக்கொண்டன. அந்தக் கணக்கைக் கலைத்தவர்கள் நாம். ஆகவே குளம்பு வெட்டுவது மாட்டுக்கு நாம் பட்ட கடன்.

குளம்புக்குள் என்ன இருக்கிறது

நம் நகமும் நாயின் நகமும் ஆட்டின் குளம்பும் மாட்டுக் கொம்பின் மேலுறையும் கெரட்டின் என்ற ஒரே வகைப் புரதத்தால் ஆனவை. மாட்டின் ஒவ்வொரு காலிலும் தரையைத் தொடுபவை இரண்டு விரல்கள். ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பும் ஒரு குளம்புப் பெட்டிக்குள் இருக்கிறது. எலும்புக்கும் பெட்டிக்கும் இடையில் ரத்த நாளங்களும் நரம்புகளும் நிறைந்த உயிர்ச்சதை ஒன்று உண்டு. குளம்பை உற்பத்தி செய்வது அதுதான். அங்கே பிறக்கும் செல்கள் கெரட்டினை நிரப்பிக்கொண்டு வெளியே தள்ளப்படுகின்றன; இறந்து இறுகிக் குளம்பாகின்றன. வெளியில் தெரிவது உயிரற்ற பகுதி. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. உயிர்ச்சதையைத் தொட்டுவிட்டால் வலியும் ரத்தமும் வரும்.

மாட்டின் குளம்பு மாதத்துக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் வளரும். மயிர் முடியும் விளிம்பில் இன்று உருவாகும் பகுதி நுனிக்கு வந்துசேர ஓராண்டுக்கு மேல் ஆகும். அடிக்குளம்பு மெல்லியது என்பதால் இரண்டு மூன்று மாதத்திலேயே உள்ளிருந்து வெளியே வந்துவிடும். இதில் ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது. அடிக்குளம்பில் இன்று காணும் ரத்தக்கறை இன்று ஏற்பட்டதல்ல. இரண்டு மாதத்துக்கு முன்பு, பெரும்பாலும் கன்று ஈன்ற சமயத்தில், உள்ளே நசுங்கிய உயிர்ச்சதையின் சுவடு இப்போதுதான் மேலே வந்திருக்கிறது.

கன்று ஈனும் சமயத்தில் என்ன நடக்கிறது? பெட்டிக்குள் எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுக்கள் அந்த நாட்களில் சற்றே தளர்கின்றன. எலும்பு கொஞ்சம் கீழே இறங்குகிறது. எலும்புக்கு அடியில், குதிப் பக்கத்தில், அதிர்ச்சியைத் தாங்க ஒரு கொழுப்பு மெத்தை உண்டு. நிறையக் கறந்து உடல் இளைத்த மாட்டுக்கு அந்த மெத்தையும் மெலிந்துவிடும். மெத்தை மெலிந்து, எலும்பு இறங்கி, அடியில் சிமெண்டு என்றால் நடுவில் அகப்படுவது உயிர்ச்சதை. அடர்தீவனம் மிகுந்து இரைப்பையில் புளிப்பு ஏறுவதும் குளம்பு அழற்சிக்கு ஒரு காரணம் என்று நெடுங்காலமாகக் கருதப்படுகிறது.

இத்தனைக்கும் மேல் குளம்பு வளர்ந்தும் இருந்தால் கேடு இரட்டிப்பாகிறது. நுனி நீள நீளக் குதி தாழ்கிறது. அளவுக்கு மீறி நீண்ட செருப்பை மாட்டியவர் உடலைப் பின்னால் சாய்த்து நடப்பது போல, மாட்டின் எடை நுனியிலிருந்து குதிக்குப் போய்விடுகிறது. எலும்பின் பின் விளிம்பு உயிர்ச்சதையைக் குத்தி அழுத்துகிறது. பின்னங்காலின் வெளிக்குளம்பில், அடியும் குதியும் சேரும் அந்த ஒரே இடத்தில் புண் வருவதை 1920இல் சுவிட்சர்லாந்து மருத்துவர் ருஸ்டர்ஹோல்ஸ் விவரித்தார். இன்றும் அந்தப் புண்ணுக்கு அவர் பெயர்தான். பின்னங்காலில் வெளிக்குளம்பு அதிக எடை தாங்குகிறது. எடை ஏறும் குளம்பு வேகமாக வளர்கிறது. வளர்ந்த குளம்பின் மேல் இன்னும் எடை ஏறுகிறது. இந்தச் சுழலை மாட்டால் தானாக உடைக்க முடியாது. கத்தி எடுத்த மனிதர்தான் உடைக்க வேண்டும்.

பால் முதலில் குறையும், நொண்டல் பிறகு தெரியும்

மாடு வலியை வெளியே காட்டாது. இரைகொல்லிகளுக்கு அஞ்சி வாழ்ந்த விலங்கு அது. நொண்டுவதைக் காட்டிக்கொண்டால் புலிக்குத் தெரிந்துவிடும். இங்கிலாந்தில் 5 பண்ணைகளின் 900 மாடுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2002இல் வெளியானது. நொண்டிய மாடு ஒரு கறவைக் காலத்தில் சராசரியாக 360 கிலோ பாலை இழந்தது என்று அது கணக்கிட்டது. நொண்டல் கண்ணில் படுவதற்கு நான்கு மாதம் முன்பிருந்தே பால் குறையத் தொடங்கியிருந்தது என்பதும் அந்த ஆய்வின் முடிவு. தீவனத்தை மாற்றிப் பார்ப்போம், பால் பெருக மருந்து கொடுப்போம், காரணம் காலடியில் இருக்கும்.

நொண்டுவதற்கு முன்பே மாடு சில குறிப்புகள் கொடுக்கும். நிற்கும்போது முதுகு நேராக இருக்கும். நடந்தால் வில் போல வளையும். இதுதான் முதல் அடையாளம். அடுத்து நிற்கும்போதே வளையும். பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றும். கணுக்கால் மூட்டுகள் உள்ளே நெருங்கி, குளம்புகள் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். படுத்தால் எழத் தயங்கும். தீவனத் தொட்டிக்குக் கடைசியாக வரும். கறவைக்கு ஓட்டிப்போகும் பத்தடி தூரத்தில் பின்னால் நின்று முதுகைப் பார்க்கப் பழகியவருக்கு இவை தப்பாது.

இந்தியக் கால்நடை ஆராய்ச்சியின் தொடக்கமும் புனேதான். 1889 டிசம்பரில் இம்பீரியல் பாக்டீரியாலஜிகல் லேபரட்டரி இங்கே தொடங்கப்பட்டது. வெக்கை நோய் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற காலம் அது. 1893இல் ஆய்வுக்கூடம் இமயமலையின் முக்தேஷ்வருக்கு இடம் மாறிற்று. இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் வேர் அது. வெக்கை நோய் 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. கொள்ளை நோயை வெல்லத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு மாட்டை மெல்ல மெல்லத் தின்னும் கால்வலியையும் வெல்லத் தெரிய வேண்டும்.

வெட்டும் முறை

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர் டூசான் ராவன் வகுத்த ஐந்து படி முறைதான் உலகம் முழுவதும் குளம்பு வெட்டுபவர்களுக்குப் பாடம். மாட்டை டிராவிஸ் எனும் இரும்புக் குழாய்ச் சட்டத்துக்குள் நிறுத்துகிறார்கள். பின்னங்காலைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, சாணத்தைக் கழுவித் துடைக்கிறார்கள். முதலில் தொடுவது உள்குளம்பை. அதுதான் வடிவம் கெடாமல் இருக்கும்; அதை வைத்துத்தான் மற்றதை அளக்க வேண்டும். மயிர் முடியும் விளிம்பிலிருந்து முன்பக்கமாக 7.5 சென்டிமீட்டர் அளந்து, அதற்கு மேல் நீண்ட நுனியைக் கொறடால் வெட்டுகிறார்கள். இது பெரிய ஹோல்ஸ்டீன் மாட்டுக்குச் சொன்ன அளவு. மாட்டின் உடலுக்கு ஏற்ப மாறும். ஜெர்சிக் கலப்புக்குக் கொஞ்சம் குறையும், பருத்த மாட்டுக்குக் கூடும்.

அடுத்து அடிக்குளம்பை நுனிப் பக்கம் மட்டும் சீவுகிறார்கள். உள்குளம்பின் குதியைத் தொடுவதில்லை. பிறகு வெளிக்குளம்பை உள்குளம்பின் உயரத்துக்குச் சமமாக இறக்குகிறார்கள். கத்தியின் பிடியை இரண்டின் மேலும் குறுக்கே வைத்துப் பார்த்தால் சமம் தெரியும். மூன்றாவதாக, புண் வரும் அந்த உள்விளிம்பில் சிறு குழியாகச் சீவி அழுத்தத்தை எடுக்கிறார்கள். அந்தக் குழியில் சாணமும் தேங்காது.

இந்த மூன்றும் எல்லா மாட்டுக்கும் செய்வது. புண் இருந்தால் மட்டும் மேலும் இரண்டு. புண்ணுள்ள குளம்பின் குதியைத் தாழ்த்தி எடை முழுவதையும் பக்கத்துக் குளம்புக்கு மாற்றுவது நான்காவது. முடிந்தால் நல்ல குளம்பின் அடியில் ஒரு மரக்கட்டையை ஒட்டுவார்கள். புண்பட்ட குளம்பு தரையைத் தொடாமல் ஆறும். தளர்ந்து உரிந்த பகுதிகளை நீக்குவது ஐந்தாவது.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு கட்டை விரலால் அடிக்குளம்பை அழுத்திப் பார்க்க வேண்டும். கல் போல இருந்தால் இன்னும் தடிமன் உண்டு. விரலுக்குக் கொஞ்சம் இணங்கினாலோ, இளஞ்சிவப்பு நிறம் தெரிந்தாலோ அதோடு கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டும். குறைந்தது 5 மில்லிமீட்டர் தடிமன் மிஞ்சாவிட்டால் அந்த மாடு கல்லில் கால் வைக்க முடியாமல் தவிக்கும். வெட்டாமல் விடுவதைவிட அதிகமாக வெட்டுவது பெரிய கேடு. அதனால் இதைப் பயிற்சி பெற்ற கைதான் செய்ய வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை போதும். கறவை வற்றவிடும்போது ஒன்று, கன்று ஈன்ற இரண்டு மூன்று மாதத்தில் ஒன்று. ஈனுவதற்கு முந்தைய, பிந்தைய சில வாரங்களில் மாட்டைச் சட்டத்தில் ஏற்றித் தொந்தரவு செய்யக் கூடாது.

தரையையும் திருத்த வேண்டும்

கத்தி செய்வது பாதி வேலை. மீதி, மாடு நிற்கும் இடத்தில் இருக்கிறது. மூத்திரத்திலும் சாணத்திலும் ஊறும் குளம்பு மென்மையாகிறது. விரலிடுக்கில் கிருமி நுழைகிறது. குதிக்கு மேலே விரலிடுக்கை ஒட்டிய தோலில் செம்புண்ணாக வந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றும் நோயை 1974இல் இத்தாலியில் முதன்முதலாக விவரித்தார்கள். இன்று பால் பண்ணைகள் உள்ள நாடுகள் பலவற்றிலும் அது உண்டு. மயில்துத்தத்தை 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ வீதம் கரைத்து, மாடுகள் அதில் கால் நனைத்து நடக்கும்படி தொட்டி அமைப்பது தடுப்பு முறை. அந்தக் கரைசலைச் செம்மறியாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மயில்துத்தத்தில் உள்ள தாமிரம் அதற்குக் கொடிய நஞ்சு. வயலிலும் ஓடையிலும் கொட்டவும் கூடாது.

மகாராஷ்டிரத்தில் பத்திருபது ஆண்டுகளாகப் பரவிவரும் ஒரு நல்ல மாற்றம் ‘முக்த சஞ்சார் கோட்டா’. மாட்டைக் கட்டிப்போடாமல், வேலியிட்ட மண் முற்றத்தில் அவிழ்த்துவிடும் கொட்டகை அது. வேண்டும்போது நடக்கும், வேண்டும்போது காய்ந்த மண்ணில் படுக்கும். கட்டடச் செலவு மிச்சம் என்று அதற்கு மாறிய விவசாயிகளுக்குக் குளம்பு நலமும் கூடவே கிடைக்கிறது. நாளில் 10, 12 மணி நேரம் படுத்துக்கொள்ள முடிந்த மாட்டின் குளம்புக்கு அவ்வளவு நேரம் ஓய்வு. தீவனத்தில் தினமும் 20 மில்லிகிராம் பயோட்டின் சேர்ப்பது குளம்பை இறுக்கும் என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. ஆனால் புதுக் குளம்பு வளர்ந்து வரவேண்டும் என்பதால் பலன் தெரியச் சில மாதம் ஆகும்.

தேயும் குளம்புக்கு லாடம்

கறவை மாட்டுக்குக் குளம்பு வளர்வது தொல்லை. வண்டி மாட்டுக்கு அது தேய்வது தொல்லை. குளிர்காலத்தில் பாராமதிப் பக்கத்துச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிவரும் மாட்டுவண்டிகள் தார்ச்சாலையில் போகின்றன. ஜேஷ்ட மாதத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளைச் சுமந்து புறப்படும் தேரைப் பண்டரிபுரம் வரை இழுப்பவையும் காளைகளே. அந்தப் பாதையிலும் பெரும்பகுதி தார்தான். குளம்பு மாதத்தில் வளர்வதைத் தார் சில நாளில் தின்றுவிடும். அதற்குத்தான் லாடம். பிளவுபட்ட குளம்பு என்பதால் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு. லாடம் அடிக்கும் முன் தட்டையாகச் சீவுவதும் குளம்பு வெட்டுதான். ஆணி வெளிச்சுவருக்குள் மட்டும் இறங்க வேண்டும். சுவரும் அடியும் சேரும் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் உயிர்ச்சதையில் குத்திச் சீழ் பிடிக்கும். குதிரையின் குளம்பு மாட்டைவிட வேகமாக வளர்வது. ஜூலையில் தொடங்கும் புனே பந்தயப் பருவத்தில் ஓடும் குதிரைகளுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, வெட்டி, மறுபடி அடிக்கிறார்கள். பந்தயக் குதிரைக்குக் காட்டும் அக்கறையில் கால்வாசி கரும்பு வண்டிக் காளைக்குக் கிடைத்தாலும் போதும்.

ஆடுகள்: வெட்டக் கூடாத நேரம்

தக்காணத்துத் தங்கர் சமூகத்தார் செம்மறி மந்தைகளோடு மழை ஓய்ந்த பிறகு கொங்கணக் கரைக்கு இறங்குவார்கள். அடுத்த மழைக்கு முன் வறண்ட மேட்டு நிலத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஓயாத ஈரம் செம்மறிக்கு ஆகாது என்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டது. இப்படி நடக்கும் ஆட்டுக்குக் குளம்பு வெட்டும் தேவை குறைவு. பரண் மேல் வளரும் ஆட்டுக்கோ அது கட்டாயம். மரச்சட்டத்திலும் பிளாஸ்டிக் தரையிலும் குளம்பு தேயாது. சுவர் நீண்டு அடியை மூடி மடியும். மடிப்புக்குள் சாணம் அடைந்து, காற்றில்லாத இடத்தில் வளரும் பாக்டீரியாவுக்கு இடமாகும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை பார்த்து, மடிந்த சுவரை மட்டும் கத்தரித்துவிட வேண்டும்.

ஆனால் குளம்பழுகல் வந்துவிட்ட செம்மறியின் குளம்பை ஒட்டச் சீவுவது பழைய வழக்கம், தவறான வழக்கம். இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனையில், குளம்பை வெட்டாமல் உடனே ஆன்டிபயாடிக் கொடுத்த ஆடுகள் விரைவில் குணமாயின. வெட்டப்பட்டவை தாமதமாகவே தேறின. வளர்ந்த குளம்புக்குக் கத்தி, புண்பட்ட குளம்புக்கு மருந்து. இந்த வேறுபாடு தெரிந்தவரிடம்தான் ஆட்டைக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் வளரும் நகம்

தெருநாயின் நகத்தைத் தார்ச்சாலை தேய்த்துவிடுகிறது. புனேயின் கோத்ருடிலும் கராடியிலும் அடுக்குமாடியில் வளரும் நாய்க்கு வழவழப்பான டைல்ஸ் தரைதான். நடக்கும்போது ‘டக் டக்’ என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது என்று பொருள். ஒவ்வோர் அடியிலும் தரை அந்த நகத்தைப் பின்னுக்குத் தள்ளும். விரல்கள் விரிந்து, பாதம் தட்டையாகி, வயதான நாயின் மூட்டுவலி கூடும். முன்னங்காலின் உட்பக்கம் மேலே தொங்கும் நகம் தரையையே தொடாது. அது வளைந்து சதைக்குள் இறங்கும்வரை பலர் கவனிப்பதில்லை.

வெள்ளை நகத்துக்குள் ரத்த நாளம் இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் முன்பே வெட்ட வேண்டும். கருப்பு நகத்தில் தெரியாது. அரிசி கனத்துக்கு மெல்லிய துண்டாக வெட்டி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் வெளிறிய பொடிப் பரப்பு தெரியும். நடுவில் ஈரமான கரும்புள்ளி தெரிந்தவுடன் நிறுத்துங்கள். தப்பித் தவறி ரத்தம் வந்தால் சோளமாவையோ மருந்துக்கடையில் கிடைக்கும் ரத்தம் நிறுத்தும் பொடியையோ வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நெடுநாள் வெட்டாத நகத்தை ஒரே நாளில் குட்டையாக்க நினைக்காதீர்கள். வாரம் ஒரு முறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் உள்ளிருக்கும் ரத்த நாளமும் மெல்லப் பின்வாங்கும். குட்டியாக இருக்கும்போதே பாதத்தைத் தொட்டு விரல்களைப் பிடித்துப் பழக்கினால் பிறகு போராட்டமே இருக்காது.

பூனைக்கு முன்கால்களில் ஐந்தைந்து, பின்கால்களில் நான்கு நான்கு என்று 18 நகங்கள். சுரண்டும்போது மேலுறை தானே உரிந்து விழும். வீட்டுப் பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒளி ஊடுருவும் நுனியை மட்டும் வெட்டினால் போதும். கிழப்பூனை சுரண்டுவதைக் குறைத்துவிடும். நகம் தடித்து வளைந்து பாதத்துக்குள்ளேயே குத்தும். சோபா கிழிகிறது என்று நகத்தை அடியோடு எடுக்கச் சொல்பவர்கள், அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுக்கும் அறுவை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது செய்யக் கூடாத செயல்.

மாட்டுக்கும் நாய்க்கும் பூனைக்கும் அறிவியல் சொல்வது ஒன்றே. அவற்றை அவற்றின் தரையிலிருந்து பிரித்து நம் தரைக்குக் கொண்டுவந்த பிறகு, அந்தத் தரை செய்த வேலை நம் கைக்கு வந்துசேர்கிறது. பால் கூட்டுறவுச் சங்கங்கள் சினை ஊசிக்கு ஆள் வைத்திருப்பது போலக் குளம்பு வெட்டவும் பயிற்சி பெற்ற ஆளையும் ஒரு டிராவிஸையும் ஊருக்கு ஊர் வைக்க வேண்டும். படித்த கிராமத்து இளைஞருக்கு அது கௌரவமான தொழிலாகும். விவசாயிக்கு ஒரு வேண்டுகோள். மகாராஷ்டிரத்தின் போளா பண்டிகையிலும் நம் மாட்டுப் பொங்கலிலும் கொம்புக்கு வண்ணம் பூசுகிறோம். அன்றைக்கே காலையும் கழுவி, குளம்பை உற்றுப் பாருங்கள். நீண்டிருந்தால் அந்த வாரமே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிப்போங்கள்.